கவுண்டி மகளிர் சங்கத்துக்கு 1939–49 பத்தி போர்டு செய்யணும், ஜாம் தவிர வேற என்ன இருக்கு?

மார்கழிக்குளிர்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல ஒரு கிராமத்துல இருக்கேன், ஊர் பேரு வேண்டாம், ஒரு நாளைக்கு நாலு பஸ் தான் வரும்னு சொன்னா புரிஞ்சுக்குவீங்க. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பது தாண்டினவங்க, என்னை விடாப்பிடியா டபிள்யூ.ஐ. கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தெரியாதவங்களுக்காக: விமன்ஸ் இன்ஸ்டிடியூட். நம்ம ஊர் மாதர் சங்கம் மாதிரின்னு வெச்சுக்குங்க, ஊருக்கு ஒண்ணு இருக்கும், அந்த ஊர்ச் சங்கமெல்லாம் சேர்ந்து கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரு ஃபெடரேஷன், எல்லாத்துக்கும் மேல லண்டன்ல தேசிய ஃபெடரேஷன். மாசம் ஒரு கூட்டம், மொதல்ல எழுந்து நின்னு ஜெருசலேம் பாட்டு (எனக்கு இன்னும் வரிகள் வரல, வாய மட்டும் அசைக்கறேன்), அப்புறம் யாராவது வந்து பேசுவாங்க, அப்புறம் டீ, கேக்.

இப்ப பிரச்சனை என்னன்னா கவுண்டி ஃபெடரேஷன் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு பத்து வருஷத்தை எடுத்து போர்டு வெக்கணுமாம், சீட்டுக் குலுக்கினதுல எங்களுக்கு 1939லேர்ந்து 49 வந்துச்சு. வந்த உடனே எல்லாரும் ஒரே குரல்ல "ஜாம்!"ன்னாங்க. வேலை என் தலையில, ஏன்னா "நீ கம்ப்யூட்டர் பொண்ணு தானே". சரி பண்றேன், ஆனா எனக்கு உள்ளுக்குள்ள எரிச்சல். உலகப்போர் நடந்திருக்கு, நாடே தலைகீழா மாறியிருக்கு, அந்தப் பத்து வருஷத்துல ஒரு கவுண்டி முழுக்க இருந்த பொம்பளைங்க ஜாம் மட்டும் தானா கிண்டிக்கிட்டு இருந்தாங்க? ஜாமைத் தொடாம ஒரு போர்டு செய்ய முடியுமா? இந்த வரலாறு படிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. போர்டு நாலடிக்கு மூணடி, அதுக்குள்ள அடங்கணும்.

ஊறுகாய்ஜாடி:

மா, ஜாமைத் தொடாம செய்யலாம், ஆனா செய்யாத. நான் இங்க ப்ரிசர்வ்ஸ் செஞ்சு விக்கறவ, அதனால கொஞ்சம் சொந்தப் பாசம் இருக்குன்னு நினைச்சுக்கோ பரவால்ல.

நீ ஜாம்னா வீட்ல நாலு பாட்டில் கிண்டி பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாங்கன்னு நினைக்கற போல. அது அப்படி இல்ல. 1940 ஜனவரில சர்க்கரை ரேஷன் வந்துருச்சு. தோட்டத்துல ப்ளம்ஸ் கொட்டிக் கிடக்கு, சர்க்கரை இல்லாம அழுகுது. அப்ப உணவு அமைச்சகம் ஜாமுக்கு சர்க்கரை வாங்க டபிள்யூ.ஐ.க்கு 1,400 பவுண்டு பணம் குடுத்துச்சு, ஊர் ஊருக்கு பழம் பதப்படுத்தற ப்ரிசர்வேஷன் சென்டர் திறந்தாங்க, கிராம ஹால், பண்ணை வீட்டு அடுப்படி, கொட்டகைன்னு எங்க இடம் கிடைச்சதோ அங்க. அமெரிக்காலேர்ந்து கையால சுத்தி டப்பா மூடற கேன்னிங் மெஷின் வந்துச்சு, மெஷினை வேன்ல ஏத்தி ஊர் ஊரா சுத்தினாங்க. 1940லேர்ந்து 45க்குள்ள கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் பவுண்டு எடை பழம், அதாவது 5,300 டன். இது அடுப்படி சமாச்சாரமா சொல்லு, இது ஒரு ஃபேக்டரி, என்ன, கூரை ஒண்ணா இல்லாம ஆயிரக்கணக்கான இடத்துல சிதறிக் கிடந்துச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. கிண்டினவங்க அந்த ஜாமை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது! அரசாங்க சர்க்கரை, அதனால பாட்டில் எல்லாம் கடைக்குப் போயிரும், 1941 மார்ச்லேர்ந்து ஜாமும் ரேஷன், ஆகஸ்ட் வெயில்ல அடுப்புகிட்ட நின்னு கிண்டினவ தான் கிண்டின ஜாமை தன் கூப்பனைக் குடுத்துக் காசு போட்டுத் தான் வாங்கணும். எங்க பாட்டியா இருந்தா அகப்பையைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பா. அதுவும் போகட்டும், தரம் பாக்க இன்ஸ்பெக்டர் வேற வருவாங்க, சர்க்கரை அளவு சரியா இல்லன்னா கெட்டுப்போயிரும்னு, முப்பது வருஷமா ஜாம் கிண்டறவகிட்ட வந்து உனக்குக் கிண்டத் தெரியுமான்னு கேட்டா எப்படி இருக்கும்.

இதெல்லாம் சர்க்கரை எத்தனை பவுண்டு வந்துச்சு, எவ்வளவு போச்சு, பழம் யாருகிட்டேர்ந்து, பாட்டில் எத்தனை உடைஞ்சுதுன்னு கணக்கு எழுதணும். அந்தக் கணக்கு மேல போறது யாரு மூலமா, கவுண்டி மூலமாத் தான். அதனால ஜாமைப் போடு, ஆனா சிரிச்ச முகத்தோட ஏப்ரன் கட்டின படம் போடாத, கணக்கு நோட்டைப் போடு.

பழையதாள்:

ஊறுகாய்ஜாடி சொன்னதை அப்படியே வழிமொழியறேன். நான் ஆவணக்காப்பக ஆள், இங்க கவுண்டி ரெக்கார்ட் ஆபீஸ்ல இந்த மாதிரி சங்க மினிட்ஸ் நோட்டுங்க (கூட்டத்துல நடந்ததை எழுதி வெக்கறது) நிறையப் பாத்துருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் மன்னிச்சுக்குங்க.

மொதல்ல ஒரு விஷயம், போர் வந்தப்ப டபிள்யூ.ஐ. நேரடியா போர் வேலைல இறங்கலை. இது நிறைய பேருக்குத் தெரியாது. கட்சி, மதச் சார்பு இருக்கக்கூடாதுங்கறது ஆரம்பத்துலேர்ந்தே விதி, உறுப்பினர்கள்ல குவேக்கர்கள் இருந்தாங்க, போரே வேண்டாம்ங்கற கிறிஸ்தவப் பிரிவு. அவங்களை வெளிய தள்ளற மாதிரி எதுவும் செய்யக்கூடாதுன்னு முடிவு. வான்தாக்குதல் தற்காப்பு மாதிரி வேலைக்கெல்லாம் 1938ல லேடி ரெடிங் ஆரம்பிச்ச டபிள்யூ.வி.எஸ். (பெண்கள் தன்னார்வச் சேவை) இருந்துச்சு, உறுப்பினர்கள் தனி ஆளா அங்கயும் போய்ச் சேர்ந்தாங்க, அது அவங்கவங்க இஷ்டம். சங்கமா செஞ்சது சாப்பாடு, பிள்ளைங்க, ஊர். ஜாம் ஏன் அவ்வளவு பெருசாச்சுன்னா இதுவும் ஒரு காரணம், பழத்தைக் கெட்டுப்போகாம காப்பாத்தறதுல எந்த குவேக்கருக்கும் ஆட்சேபனை இருக்காது பாருங்க.

சரி, ஜாமுக்கு முன்னாடியே, 1939 செப்டம்பர் முதல் வாரத்துலயே இவங்க தலையில விழுந்தது ஒண்ணு இருக்கு, நகரத்துப் பிள்ளைங்க. குண்டு விழும்னு லண்டன், லிவர்பூல் மாதிரி ஊர்லேர்ந்து ரயில் ரயிலா அனுப்பினாங்க, சில நாள்ல பிள்ளைங்களும் தாய்மாருமா சுமார் 15 லட்சம் பேர். அட்டை மாட்டின கழுத்தோட வந்து இறங்கினதுங்க. ராத்திரி படுக்கைய நனைக்குது, தலைல பேன், சிலதுக்குப் போட்டுக்க ஒழுங்கான செருப்பு கூட இல்ல. கிராமத்துப் பொம்பளைங்க அதிர்ந்து போயிட்டாங்க. புலம்பினாங்க, நிறையவே புலம்பினாங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா புலம்பினதோட நிக்கல, தேசிய ஃபெடரேஷன் கேள்வித்தாள் அனுப்புச்சு, சுமார் 1,700 ஊர்ச் சங்கம் பதில் எழுதுச்சு, 1940ல அறிக்கையா அச்சாச்சு. படிச்சா பல இடத்துல கோவம் வரும், பிள்ளைங்களைப் பத்தி எழுதின தொனி அப்படி. இருந்தாலும் நகரத்து வறுமையை நேர்ல கண்டவங்க எழுதின சாட்சியம் அது, அதுக்கு முன்னாடி அந்த வறுமை கிராமத்துக்காரங்களுக்கு வெறும் பேப்பர் செய்தி.

இப்ப போர்டுக்கு என் பரிந்துரை, நடுவுல தண்ணி போடுங்க. ஆமா தண்ணி. போர் நடுவுலயே குடிதண்ணி, கழிவுநீர் பத்தி ஊர் ஊரா ஒரு கணக்கெடுப்பு எடுத்து 1944ல வெளியிட்டாங்க. குழாய் வராத ஊர் எத்தனை, கிணத்துலேர்ந்து வாளில சுமக்கறவங்க எத்தனை, பள்ளிக்கூடத்துல வாளிக் கக்கூஸ் எத்தனை. சுத்தி வளைக்காம எழுதினாங்க. கெட்டில்ல தண்ணி ஊத்தறவளுக்குத் தான் அந்தத் தண்ணி எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரியும், அந்த ஊர் இன்ஜினியருக்குத் தெரியாது. அதே 1944ல கிராமத் தண்ணீர், கழிவுநீர் வசதிக்கு 1.5 கோடி பவுண்டு மானியத்தோட ஒரு சட்டம் வந்துச்சு. இவங்க கணக்கெடுத்ததால தான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி எழுதினா என் மேலாளர் என் கழுத்தைப் பிடிப்பாரு, பக்கத்துல பக்கத்துல வெச்சுருங்க, பாக்கறவங்க பாத்துக்கட்டும்.

அப்புறம் 1943. போரால சில வருஷம் தேசியப் பொதுக்கூட்டமே நடக்கலை, 1943ல மறுபடி லண்டன் ஆல்பர்ட் ஹால்ல கூடினாங்க, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்னு தீர்மானம் போட்டாங்க. 1943ல! அடுத்த வருஷம் மார்ச்ல ஆசிரியைகளுக்கு சம ஊதியம்னு ஒரு திருத்தம் நாடாளுமன்றத்துல ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சுது, 117க்கு 116, சர்ச்சில் கடுப்பாகி அதையே நம்பிக்கை ஓட்டா மாத்தி ரெண்டே நாள்ல கவுத்துட்டாரு. போர் நடுவுல அவருக்கு இதுக்கு நேரம் இருந்துருக்கு.

ஒரு யோசனை, உங்க ஊர் மினிட்ஸ் நோட்டு எங்க இருக்குன்னு விசாரிங்க, பெரும்பாலும் ரெக்கார்ட் ஆபீஸ்ல குடுத்துருப்பாங்க, இல்லன்னா யாரோ ஒரு அம்மா வீட்டு பரண்ல. படிக்கும்போது தீர்மானத்தை மட்டும் பாக்காதீங்க. இருட்டடிப்பு (குண்டுவீச்சுக்குப் பயந்து ராத்திரி வெளிச்சம் வெளிய தெரியாம மறைக்கறது) வந்ததும் கூட்டம் சாயங்காலத்துலேர்ந்து மத்தியானத்துக்கு மாறினதைப் பாருங்க, ஹாலை ராணுவம் எடுத்துக்கிட்டா கூட்டம் யார் வீட்டுக்குப் போச்சுன்னு பாருங்க. கவுண்டிலேர்ந்து ஊர் ஊரா போய் வழிகாட்டற தன்னார்வலர்கள் இருந்தாங்க, பெட்ரோல் ரேஷன் வந்ததும் அவங்க எப்படிப் போனாங்கங்கறதே தனிக் கதை.

சூலூர்க்காரன்:

நடுவுல பூந்து கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் ஜமீன் வீட்டம்மா தலைவியா உக்காந்து, பண்ணையாள் சம்சாரம் டீ ஊத்தற கிளப் தானே? நகரத்துலேர்ந்து வந்த பிள்ளைகளைப் பாத்து மூக்கைப் பொத்தினவங்களுக்கு எதுக்கு போர்டு? படிச்ச வரைக்கும் மேல இருந்த பேரு எல்லாம் லேடி இன்னார், லேடி அன்னார்.

பழையதாள்:

கேள்வி நியாயம் தான். பல ஊர்ல பெரிய வீட்டம்மா தான் தலைவி, இல்லன்னு சொல்லல. ஆனா விதி எப்படி வெச்சாங்கன்னு பாருங்க: ஆரம்பத்துல வருஷ சந்தா 2 ஷில்லிங், கோட்டைல இருக்கறவங்களுக்கும் அதே 2 ஷில்லிங், மாட்டுக்கொட்டகைல வேலை பாக்கறவளுக்கும் அதே 2 ஷில்லிங். கமிட்டித் தேர்தல் ரகசிய ஓட்டு. கை தூக்கச் சொன்னா பண்ணைக்காரம்மா முன்னாடி யாரு எதிரா தூக்குவா, வீட்டுக்காரர் வேலை போயிரும்ல. பெண்களுக்கே முழுசா ஓட்டு இல்லாத காலத்துலேர்ந்து இந்த நடைமுறை.

லேடி இன்னார்னு சொன்னீங்களே, அதுல லேடி டென்மன் முக்கியம். 1917லேர்ந்து 1946 வரைக்கும் தேசியத் தலைவி. அதே சமயத்துல கருத்தடை சங்கத்துக்கும் தலைவி, 1930கள்ல அதைப் பத்தி வாய் திறந்தாலே முகம் சுளிப்பாங்க. 1939லேர்ந்து பெண்கள் நிலப்படைக்கும் இவங்க தான் இயக்குநர், சசெக்ஸ்ல பால்கம்ப் ப்ளேஸ்னு சொந்த வீட்டையே ஆபீஸாக்கிக் குடுத்தாங்க. வயல்ல வேலை செஞ்ச அந்தப் பொண்ணுங்களுக்கு மத்த படையினருக்குக் குடுக்கற பணிக்கொடை கிடையாதுன்னு அரசாங்கம் சொன்னதும் 1945 பிப்ரவரில ராஜினாமா குடுத்துட்டு வந்துட்டாங்க. பணக்காரி தான், நிச்சயமா. ஆனா நாற்காலியை விட்டு எந்திரிக்கத் தெரிஞ்ச பணக்காரி.

சூலூர்க்காரன்:

சரி ரகசிய ஓட்டு மேட்டர் தெரியாது, அதுக்கு ஒரு சல்யூட். எங்க ஊர் சொசைட்டில இன்னிக்கும் கை தூக்கித் தான்.

இணுவில்மருமகள்:

வணக்கம் அக்கா. ஒரு விசயம் சொல்லோணும் எண்டு தோணினது, உங்கட பத்து வருசத்துக்கு வெளியில தான், ஆனா எங்கட ஆக்களோட தொடர்பு இருக்கிறபடியா சொல்லுறன். இந்த இயக்கம் இங்கிலாந்தில தொடங்கேல்ல, கனடாவில ஒண்டாரியோவில ஸ்டோனி க்ரீக் எண்ட இடத்தில 1897இல தொடங்கினது. அங்க அடிலெய்ட் ஹூட்லெஸ் எண்டு ஒரு அம்மா, அவவின்ர குழந்தை கெட்ட பால் குடிச்சு செத்துப்போச்சு, அதுக்குப் பிறகு தான் பெண்களுக்கு வீட்டு சுகாதாரம் படிப்பிக்கோணும் எண்டு வெளிக்கிட்டவ. வேல்ஸில ஆங்கில்சீ தீவில 1915 செப்டம்பரில பிரிட்டனின்ர முதல் சங்கம், அதுக்கும் கனடாவில இருந்து வந்த மாட்ஜ் வாட் தான் காரணம்.

அதே ஒண்டாரியோவில இருந்து 1896இல இலங்கைக்கு வந்தவ டொக்டர் மேரி. எங்கட தமிழர் ஒருத்தரை, கனக ரட்ணம், கலியாணம் கட்டினவ, அது அவவை அனுப்பின மிஷன்காரருக்குப் பிடிக்கேல்ல. ஆனா அவ இலங்கையை விட்டுப் போகேல்ல, மேரி ரட்ணம் எண்டு இங்கயே வாழ்ந்தவ. 1930களின்ர தொடக்கத்தில லங்கா மகிளா சமித்தி எண்டு கிராமத்துப் பெண்களுக்குத் தொடங்கினவ, கனடாச் சங்கத்தை மாதிரியாக வைச்சு. 1958இல மக்சேசே விருதும் கிடைச்சது. ஆக ஒரே விதை, ஒரு பக்கம் இங்கிலாந்து, ஒரு பக்கம் எங்கட தீவு. உங்கட கூட்டத்தில ஆரும் "இது எங்கட இங்கிலீஷ் சங்கம், நீ எப்பிடி உள்ள வந்தனீ" எண்டு மறைமுகமாக் கேட்டா இதைச் சொல்லுங்கோ 😀

மார்கழிக்குளிர்:

அய்யோ எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நாள் வேலை முடிச்சு வந்து பாத்தா ஒரு புத்தகமே இருக்கு.

இணுவில்மருமகள், யாரும் அப்படிக் கேக்கலை, ஆனா "உங்க ஊர்ல இது மாதிரி ஏதாவது உண்டா"ன்னு கேப்பாங்க, நான் எப்பவும் மழுப்புவேன். இனி மேரி ரட்ணம் பத்தி அரை மணி நேரம் பேசுவேன், டீ ஆறிரும்.

பழையதாள் சார் சொன்ன மாதிரி மினிட்ஸ் நோட்டு பத்தி பாட்டிகிட்ட கேட்டேன். பரண்லயும் இல்ல ரெக்கார்ட் ஆபீஸ்லயும் இல்ல, அவங்க வீட்டு தையல் மெஷின் அடியில ஒரு பிஸ்கட் டின்ல ரெண்டு நோட்டு! அவங்க அம்மா செக்ரட்டரியா இருந்தாங்களாம். நேத்து ராத்திரி உக்காந்து படிச்சேன். காட்டு ரோஜாக்காய் பறிக்க யார் யார் எந்த வேலியோரம் போறதுன்னு பட்டியல் இருக்கு (ஆரஞ்சு வராததால வைட்டமின் சி சிரப்புக்காம், பிள்ளைங்களுக்கு). முயல் தோல் பதப்படுத்தி ரஷ்யாவுக்கு அனுப்ற உடுப்புக்கு உள்பக்கம் வெச்சுத் தைக்கற வேலை இருக்கு. அதுக்கு நடுவுல "சிறந்த பட்டன்ஹோல்" போட்டி, அதுல யார் ஜெயிச்சாங்கன்னு அடிச்சுத் திருத்தி ரெண்டு தடவ எழுதியிருக்கு, என்ன சண்டையோ.

கடைசிப் பக்கங்கள்ல இன்னொண்ணு, பாட்டி சொல்லித் தான் எனக்குப் புரிஞ்சுது. 1945க்கு அப்புறம் சொந்தமா ஒரு கல்லூரி வேணும்னு முடிவு பண்ணி ஊர் ஊரா காசு சேத்துருக்காங்க, கேக் வித்து, கண்காட்சி போட்டு. அப்ப பெர்க்‌ஷயர்ல இருந்த மார்ச்சம்ங்கற ஊர்ல ஒரு பெரிய பழைய பங்களாவை வாங்கி 1948ல திறந்தாங்க, டென்மன் காலேஜ். ஒவ்வொரு கவுண்டி ஃபெடரேஷனும் ஒரு படுக்கையறையை எடுத்து திரைச்சீலை, விரிப்பு, நாற்காலி எல்லாம் தாங்களே செஞ்சு குடுத்து கவுண்டி பேரை வெச்சாங்களாம், துணிக்கே இன்னும் கூப்பன் இருந்த நேரம் அது. பாட்டியோட அம்மா அங்க மூணு நாள் கோர்ஸுக்குப் போயிருக்காங்க. கல்யாணம் ஆகி முதல் தடவையா தனியா ஒரு ராத்திரி, அடுத்தவங்க சமைச்ச சாப்பாடு. அப்பா அந்த மூணு நாளும் முட்டை மட்டும் சமைச்சுப் போட்டாராம், பாட்டி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கறாங்க. அந்தக் காலேஜை 2020ல மூடிட்டாங்க, அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கலை.

அதனால போர்டு இப்படி: இடது பக்கம் ஜாம் கணக்கு (ஊறுகாய்ஜாடி ஜெயிச்சுட்டீங்க), நடுவுல தண்ணி வாளி, நிஜ வாளி ஒண்ணு கிடைச்சா போர்டுக்குக் கீழ வெப்பேன், அதுக்குப் பக்கத்துல 1943 தீர்மானம். வலது பக்கம் காலேஜ் படுக்கையறை. பிள்ளைங்க விஷயம் தான் எப்படி வெக்கறதுன்னு தெரியல, எங்க ஊர் நோட்டுலயும் ஒரு அம்மா அசிங்கமா தான் பேசியிருக்காங்க, அவங்க பேத்தி இப்ப எங்க ட்ரெஷரர். பேரை விட்டுட்டு வரியை மட்டும் போடலாமா?

பழையதாள்:

வரியைப் போடுங்க, பேர் வேண்டாம். ட்ரெஷரர்கிட்ட மட்டும் முன்னாடியே காட்டிருங்க, கூட்டத்துல பாத்து அதிர்ச்சியாகக் கூடாது. அப்புறம் அந்த நோட்டு ரெண்டையும் தயவுசெஞ்சு பிஸ்கட் டின்லேர்ந்து எடுங்க, துருப்பிடிச்சா தாள்ல கறை ஏறும், ஆசிட் இல்லாத அட்டைப்பெட்டி வாங்கிக்குங்க. போர்டுல ஒரிஜினலை ஒட்டவே கூடாது, ஸ்கேன் எடுத்து ப்ரிண்ட் போடுங்க.

ஊறுகாய்ஜாடி:

போர்டு முன்னாடி மேஜைல ப்ளம் ஜாம் ஒரு பாட்டில் வை மா, நான் அனுப்பறேன், முகவரி தனியா சொல்லு. கூட்டத்துல யாராவது கரண்டியோட வந்தா குடுக்காத, கூப்பன் இருக்கான்னு கேளு.